பாய் அளவும் பெட்டி அளவும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளம் வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பொன்விழா ஆண்டில் இளம் வணிகர்கள் சார்பில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, "எதைப் பற்றிப் பேசுவது?" என்றோம். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எங்களுக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு படித்த கப்பல் கட்டுமானம். மற்றொன்று, டிப்ளமோ முடித்த கையோடு வாப்பாவின் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட மளிகை ஏற்றுமதி. இந்த இரண்டும் சந்திக்கும் இடம் கப்பலின் வயிறு. எனவே, சிறிய சரக்குக் கப்பலில் இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், கப்பல்களை ஏன் ஒரே அளவில் கட்டுகிறார்கள் என்பதைச் சொல்ல விரும்புகிறோம். முடிவில் நம் சங்கத்து வணிகர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இவ்வளவும் அதற்காகத்தான்.

எங்கள் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இந்த ஊருக்கு வந்தவர். இங்கே அமர்ந்திருக்கும் பல குடும்பங்களின் கதையும் அதுதான். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. தளத்தில் பயணம் செய்பவருக்கு அறை இல்லை, கட்டில் இல்லை. பாயை விரித்தால் அந்தப் பாயின் அளவுதான் அவருக்கு உரிய இடம். "நான் சீட்டா வாங்கினேன்? ஒரு பாய்க்கு இடம் வாங்கினேன்" என்று பாட்டனார் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அதே கருத்தை வாப்பா எங்களிடம் வேறு விதமாகக் கேட்டார். கடைக்கு வந்த முதல் வாரம், ஒரு கப்பல் கூலி பில்லைக் கையில் கொடுத்து, "இந்தக் காசுக்கு நாம் எதை வாங்கியிருக்கிறோம், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோன கூலி என்றோம். "இல்லை. இடம் வாங்கியிருக்கிறோம். அதில் பாதி இடத்தில் காற்றை அனுப்பியிருக்கிறோம்" என்றார்.

அந்த பில்லில் இருந்தது காகிதக் குவளை. எடை ஒன்றரை டன்தான். ஆனால் அது அடைத்த இடம் 12 கன மீட்டர். கப்பல் கூலியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு டன் எடை, அல்லது ஒரு கன மீட்டர் இடம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. ஆகவே ஒன்றரை டன் சரக்குக்கு 12 டன் கூலி கொடுத்திருந்தோம். குவளைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி நெருக்கமாக அடுக்கியிருந்தால் அந்த இடம் வெகுவாகக் குறைந்திருக்கும்.

கப்பல்காரர் ஏன் அப்படிக் கேட்கிறார்? ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது எடை. கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய கப்பல்களில் மாலுமிகள் மாண்டுபோவதைப் பொறுக்காமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடிய சாமுவேல் பிளிம்சால் என்பவரால், 1876இல் சட்டமான குறி அது. அந்தக் கோடு தண்ணீரைத் தொட்டால் அதற்குமேல் ஏற்றக் கூடாது. இரண்டாவது எல்லை இடம். ஹோல்டு என்று நாம் சொல்லும் சரக்கறை நிரம்பிவிட்டால், கோடு தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 1,600 டன் சுமக்கும் சிறிய கப்பல் ஒன்று, அதன் சரக்கறை 2,400 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரும்புக் கம்பி ஒரு டன்னுக்கு அரை கன மீட்டர்கூடப் பிடிக்காது. 1,600 டன் கம்பி ஏற்றினால் கோடு தண்ணீரைத் தொட்டுவிடும், ஆனால் சரக்கறையில் மூன்றில் இரண்டு பங்கு வெற்றிடம். எங்கள் காகிதக் குவளையை ஏற்றினால் 300 டன்னிலேயே சரக்கறை நிரம்பிவிடும். மூட்டை அரிசி டன்னுக்கு ஏறத்தாழ 1.4 கன மீட்டர். 1,600 டன் அரிசிக்கு 2,240 கன மீட்டர் வேண்டும். இரண்டு எல்லைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிகின்றன. எல்லாரும் அரிசியே அனுப்ப முடியாது. எனவே கனமான சரக்கை அடியிலும் இலேசான சரக்கை மேலேயும் கலந்து ஏற்றத் தெரிந்தவருக்குத்தான் சிறிய கப்பலில் பிழைப்பு. கம்பிக்காரர் எடையை எடுத்துக்கொள்ள, குவளைக்காரர் இடத்தை எடுத்துக்கொண்டால் இருவருக்கும் கூலி குறையும். தனியாகப் போனால் இருவரும் காற்றுக்குக் காசு கொடுப்பார்கள்.

'டன்' என்ற சொல்லே முதலில் எடையைக் குறித்ததல்ல. ஐரோப்பியர் மதுவை ஏற்றிய பெரிய பீப்பாயின் பெயர் அது. ஒரு கப்பலில் எத்தனை பீப்பாய் அடங்கும் என்பதுதான் அதன் அளவு. 1854இல் பிரிட்டிஷ் சட்டம் அதை ஒழுங்குபடுத்தி, கப்பலின் உட்புறத்தில் 100 கன அடிக்கு ஒரு டன் என்று வைத்தது. துறைமுகக் கட்டணமும் வரியும் அந்தக் கணக்கில் வந்தன. உடனே கப்பல் முதலாளிகள் கணக்கைக் குறைக்க வழி தேடினார்கள். மேல்தளத்தில் மூடி இல்லாத ஒரு திறப்பை விட்டு, "இது அடைத்த இடம் அல்ல, அளக்க வேண்டாம்" என்றார்கள். 1969இல் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்து, 1982 முதல் அடைத்த இடம் முழுவதையும் அளக்கும் முறை நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த விளையாட்டு ஓய்ந்தது. அளவிலும் நிறையிலும் நேர்மை வேண்டும் என்று சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. அளவுகோல் ஒன்றாக இல்லாத இடத்தில் வாதம்தான் மிஞ்சும்.

இனி கப்பலின் வடிவம். பாலிடெக்னிக்கில் ஒரே சரக்கறையை எங்களை இருமுறை கணக்குப் போடச் சொன்னார்கள். முதல் கணக்கு தானியத்துக்கு. கொட்டினால் தானியம் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். இரண்டாவது கணக்கு கட்டிய பொதிக்கு. பொதி இரும்புச் சட்டங்களுக்கு இடையே நுழையாது, வளைவில் ஒட்டாது. ஆகவே இரண்டாவது எண் எப்போதும் சிறியது. பழைய கப்பல்களில் எந்திரம் நடுவில் இருந்தது. அங்கிருந்து பின்னால் உள்ள சுழலி வரை ஒரு தண்டு போக வேண்டும். அந்தத் தண்டுக்கான சுரங்கம் பின்பக்கச் சரக்கறைகளின் நடுவே ஓடியது. அதற்கு இருபுறமும் பொதி அடுக்குவது, நடுவில் திண்ணை உள்ள அறையில் அலமாரி வைப்பது போன்ற வேலை.

இன்றைய சிறிய கப்பலில் எந்திரம், ஆட்கள் தங்கும் இடம், கப்பல் ஓட்டும் அறை மூன்றும் பின்னால் போய்விட்டன. முன்னால் ஒரே நீளமான சரக்கறை. பக்கங்கள் செங்குத்து, தரை சமம், மேலே மூடி திறந்தால் முழுவதும் வெளிச்சம். பெரிய தீப்பெட்டி என்று சொல்லலாம். வெளிப்புறம் அலைக்கு ஏற்ப வளைந்திருக்கும். உட்புறம் சரக்குக்கு ஏற்ப நேராக இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில் கப்பல் நிலைகுலையாமல் இருக்க நிரப்பும் கடல் நீர்த் தொட்டிகள். எதுவும் வீணில்லை.

இந்த வடிவத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய வேண்டாம், ஒரே அளவில் பல கப்பல் கட்டலாம் என்பதுதான் அடுத்த படி. போர்க்காலத்தில் அமெரிக்கா 1941 முதல் 1945 வரை லிபர்ட்டி என்ற ஒரே மாதிரியில் 2,710 கப்பல்களைக் கட்டியது. துண்டு துண்டாகத் தனித்தனி இடங்களில் செய்து, கொண்டுவந்து ஒட்டினார்கள். போர் முடிந்தபின் அவற்றில் பல வணிகர்களின் கைக்கு வந்து உலகமெங்கும் சரக்கு சுமந்தன. அவை முதுமையடைந்தபோது, இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஆஸ்டின் அண்டு பிக்கர்ஸ்கில் நிறுவனம் எஸ்.டி. 14 என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. முதல் கப்பல் 1968இல் கைமாறியது. பிறகு இருநூறுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. முதலாளி கேட்டபடி தைத்துத் தரும் சட்டை அல்ல அது. கடையில் தொங்கும் ஆயத்த சட்டை. விலை முன்பே தெரியும், உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். ஒரு கப்பலில் வேலை பார்த்த எந்திரப் பணியாளர் அடுத்த கப்பலில் இருட்டிலும் வழி கண்டுபிடிப்பார்.

அதைவிடச் சிறியதில், ஜப்பானின் கரையோரக் கப்பல்களைச் சொல்ல வேண்டும். அங்கே '499' என்பது ஒரு கப்பல் வகையின் பெயராகவே ஆகிவிட்டது. 500 டன் அளவைத் தொட்டால் விதிகள் கூடும் என்பதால், 499க்குள் எவ்வளவு இடம் பிழிந்து எடுக்கலாமோ அவ்வளவும் எடுத்து வரைந்த வடிவம் அது. நீளம் ஏறத்தாழ 75 மீட்டர், அகலம் 12 மீட்டர், சுமப்பது சுமார் 1,600 டன். நாங்கள் சற்றுமுன் எடுத்துக்காட்டாகச் சொன்ன கப்பல் கிட்டத்தட்ட இதுதான். இவை ஜப்பானில் வயதானபின் இந்தோனேசியா முதலிய நம் பக்கத்து நாடுகளுக்கு விற்கப்பட்டு இன்னும் ஓடுகின்றன.

ஒரே மாதிரி என்பதில் ஆபத்தும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. லிபர்ட்டி கப்பல்களில் சரக்கறை வாயின் மூலைகள் சதுரமாக இருந்தன. குளிர்ந்த கடலில் அந்த மூலைகளில் விரிசல் தொடங்கி, சில கப்பல்களில் உடல் வரை ஓடியது. ஒரு வரைபடத்தில் இருந்த பிழை, கட்டிய கப்பல்களில் எல்லாம் போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு மூலைகளை வளைவாக்கிச் சரிசெய்தார்கள். ஒரே மாதிரி ஆனதால் திருத்தத்தையும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி செய்ய முடிந்தது. பொது அளவு என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டுத் தூங்கிவிட முடியாது, கூடிக் கூடித் திருத்த வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

நம் ஊர்ப் பக்கத்தில் நேர் எதிரான முறையும் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் மரத் தோணிகளைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வரைபடம் இல்லை. மேஸ்திரியின் கண்ணும் கையும்தான் அளவு. ஒரு தோணி போல் இன்னொன்று இருக்காது. உள்ளே வளைந்த மரச் சட்டங்கள். ஆனால் அதில் ஏறுவது மூட்டை. வெங்காய மூட்டையும் அரிசி மூட்டையும் வளைவுக்கு ஏற்ப நெளிந்துகொடுக்கும். மூட்டை கப்பலுக்கு ஏற்ப வளைகிறது. பெட்டி வளையாது. பெட்டி வந்தபிறகு கப்பல்தான் பெட்டிக்கு ஏற்ப மாற வேண்டியதாயிற்று.

அந்தப் பெட்டி, கொள்கலன். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். 1972 ஜூன் மாதம் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. கொள்கலனின் அகலம் 8 அடி, அதாவது 2.44 மீட்டர். உலகத்தில் எங்கு போனாலும் அதுதான். இப்போது ஒரு சிறிய கப்பலின் சரக்கறை 9.5 மீட்டர் அகலம் என்று வையுங்கள். மூன்று பெட்டி வைத்தால் 7.32 மீட்டர். மீதி 2.18 மீட்டர், கப்பலின் நீளம் முழுக்க வீண். நான்கு பெட்டிக்கும் இடைவெளிக்கும் சேர்த்து 10 மீட்டருக்குச் சற்று மேல் வைத்திருந்தால் நான்கும் உட்கார்ந்திருக்கும். அரை மீட்டர் சொச்சத்தில் ஒரு வரிசையே போய்விடுகிறது. அதனால்தான் இன்றைய சிறிய கப்பல்களை வரைபவர்கள் முதலில் பெட்டியை வரைந்து, அதைச் சுற்றிக் கப்பலை வரைகிறார்கள்.

கப்பல்காரர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அந்தப் பெட்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது? அது நம் பொறுப்பு. அங்கேதான் நாம் தோற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்று கடைகள் சேர்ந்து மாலத்தீவுக்கு ஒரு 20 அடிக் கொள்கலன் எடுத்தோம். மூன்றும் நம் சங்கத்துக் குடும்பங்கள். ஒருவர் அப்பளமும் மசாலாவும், ஒருவர் பிளாஸ்டிக் சாமான், நாங்கள் காகிதக் குவளையும் பாத்திரமும். ஒவ்வொருவர் அட்டைப் பெட்டியும் ஒவ்வோர் அளவு. எங்கள் பெட்டி கடைசியில் வந்ததால் அப்பளப் பெட்டிகளின் மேல் ஏற்றினார்கள். அட்டைப் பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. மூலை மேல் மூலை உட்கார்ந்தால் அது தாங்கும். எங்கள் பெட்டியின் மூலை அவர்கள் பெட்டியின் நடு வயிற்றில் உட்கார்ந்தது. சிறிய கப்பல், ஒரு வாரத்துக்கு மேல் ஆட்டம். அங்கே கதவைத் திறந்தபோது அப்பளம் தூளாகியிருந்தது. பொதி கட்டியது சரியில்லை என்று காப்பீடும் கைவிரித்துவிட்டது.

யார் ஈடு கொடுப்பது என்ற பேச்சு தடித்தது. எங்கள் பெட்டியால் வந்த நட்டம் என்று நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று தலைமுறைப் பழக்கம், இரண்டு ஆண்டுகள் சலாம் சொல்லக்கூட வாய் வரவில்லை. பெருநாள் தொழுகை முடிந்து எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். வாப்பா மவுத்தானபோது ஜனாஸாவைத் தூக்க முதலில் தோள் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். அன்று இரவு கணக்கு முடிந்தது. அவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

அதன்பின் இருவரும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கண்டுபிடித்ததைச் சொல்கிறோம், வீட்டில் அட்டையை வெட்டி நீங்களும் பார்க்கலாம். 20 அடிக் கொள்கலனின் உள்நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர், உள் அகலம் 2.35 மீட்டர். பேலட் பலகை 1.2 மீட்டருக்கு 1 மீட்டர். ஒரு வரிசையில் எல்லாப் பலகையையும் நீளவாக்கில் வைத்தால் நான்கு. மறு வரிசையில் எல்லாவற்றையும் குறுக்குவாக்கில் வைத்தால் ஐந்து. மொத்தம் ஒன்பது. ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும், காற்றாடியின் இறக்கை போல் மாற்றி மாற்றி வைத்தால் 5.6 மீட்டரில் பத்து பலகை உட்காரும். கொள்கலனும் அதேதான், கூலியும் அதேதான்.

பலகையின் மேல் என்ன வைப்பது? 60 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் அடிப்பக்கம் கொண்ட அட்டைப் பெட்டி. உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பொதி அளவு அது. மூன்று பெட்டியை ஒரு பக்கமாகவும் இரண்டைத் திருப்பியும் வைத்தால் ஓர் அடுக்குக்கு ஐந்து, பலகையில் ஒரு விரல் இடம் மிஞ்சாது. உயரமும் 40 என்றால் ஐந்து அடுக்கு ஏற்றலாம். ஒரு பலகைக்கு 25 பெட்டி. ஒன்பது பலகை என்றால் 225, பத்து என்றால் 250. அந்த 25 பெட்டிக்குத் தனிக் கூலி இல்லை. முக்கியமாக, யாருடைய பெட்டி மேலே வந்தாலும் கீழே வந்தாலும், ஒவ்வோர் அடுக்கையும் ஒரே மாதிரி வைத்தால் மூலை மேல் மூலை உட்காரும்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். நம் சங்கத்தில் ஏற்றுமதி செய்யும் குடும்பங்கள் எல்லாம் இந்த ஒரே அடிப்பக்க அளவுக்கு மாற வேண்டும். பெட்டியின் மேல் அவரவர் கடைப் பெயர் இருக்கட்டும், அவரவர் குறி இருக்கட்டும். "எங்கள் பெட்டி எங்கள் வாப்பா காலத்துப் பெட்டி" என்று சிலர் வருந்துவது தெரியும். எங்களுக்கும் வருத்தம் இருந்தது. ஆனால் சிறு வணிகர் ஒருவரால் ஒரு கொள்கலனைத் தனியாக நிரப்ப முடிவதில்லை. முதலில் கைவிடுவது சிறிய தீவுகளின் வாடிக்கையாளரைத்தான். கூலி கட்டவில்லை என்று இந்தச் சில ஆண்டுகளில் அந்த வழியை விட்டுவிட்ட கடைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கனமான சரக்கு வைத்திருப்பவரும் இலேசான சரக்கு வைத்திருப்பவரும் சேர்ந்தால் அந்த வழி மீண்டும் திறக்கும். அளவில் பிழை இருந்தால் ஆண்டுக்கொருமுறை கூடித் திருத்திக்கொள்ளலாம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பலர் ஒரு பாய் அளவு இடத்தில் கடல் கடந்தவர்கள். பக்கத்துப் பாய்க்காரரோடு சோற்றைப் பகிர்ந்து, காலை மடக்கி, இடம் கொடுத்து வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் நாம், ஒரு பெட்டி அளவில் ஒத்துப்போக முடியாதா?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு கடையும் தங்கள் வெற்றுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவாருங்கள். இந்த மண்டபத்தின் தரையில் கொள்கலனின் அளவைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருப்போம். அடுக்கிப் பார்த்துவிட்டுப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.